லாரி ஷாஃப்ட் போல்ட், கிரவுன் போல்ட்: மாற்று வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளட்ச், கியர் பாக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பின் ஹவுசிங் (கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் உள்ளே இருக்கும் பின் அச்சுக் கூடு) என்று இன்ஜினிலிருந்து சக்கரம் வரைக்கும் உள்ள வழியில் வேலை வந்தால், பெரிய சாமான் எல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். கடைசியில் நாலு போல்ட்டுக்காக வண்டி பட்டறையில் நிற்கும். அந்த நாலு போல்ட்டைப் பற்றி ஓனர்களும் டிரைவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. நம் ஊரில் ஓடும் டாடா, அசோக் லேலண்ட் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. மற்ற வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஷாஃப்ட் போல்ட் ஒன்று உடைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் ஒன்று வாங்கிப் போட்டால் போதாதா?

போதாது. தடிமன் ஒத்துப்போவது முதல் படி மட்டும்தான். மரையின் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி), தலைக்குக் கீழே உள்ள நீளம், அதில் மரை இல்லாத தண்டு எவ்வளவு, எந்த கிரேடு என்று இன்னும் சில விஷயம் பொருந்த வேண்டும்.

கிரேடு ஏன் முக்கியம் என்றால், அந்த இடத்தில் போல்ட் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். போல்ட் குறுக்கே நின்று பாரத்தைத் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஷாஃப்ட் பிளேன்ஜில் (ஷாஃப்ட் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான வட்டம்) அதன் வேலை அது இல்லை. இரண்டு பிளேன்ஜையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பதுதான் வேலை. அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் முறுக்கு விசையை அடுத்த பக்கம் கடத்துகிறது. கனரக வண்டிகள் பலவற்றில் பிளேன்ஜின் முகத்திலேயே குறுக்குப் பல் வெட்டியிருப்பார்கள். அங்கே முறுக்கைக் கடத்துவது பல். ஆனால் பல் விலகாமல் பிடிப்பது அந்த நாலு போல்ட்தான்.

ஒரு கணக்குக்கு, இன்ஜின் 700 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது, முதல் கியர் விகிதம் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் லோடோடு மேட்டில் கிளட்சை விடும்போது ஷாஃப்டுக்கு 5,600 நியூட்டன் மீட்டர் வருகிறது. சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) போல்ட்டால் அதற்கு வேண்டிய அழுத்தத்தைக் கொடுக்க முடியாது. இறுக்க இறுக்க இழுபட்டு நீண்டுவிடும். அப்புறம் பிளேன்ஜ் மயிரிழை அளவு நகரும், ஓட்டை முட்டை வடிவமாகும், அதன் பிறகுதான் போல்ட் வெட்டுப்படும். உடைந்தது போல்ட் என்றாலும், அதற்கு முன்பே கெட்டது இறுக்கம்.

கிரேடை எப்படித் தெரிந்துகொள்வது?

போல்ட்டின் தலையில் எழுதியிருக்கும். 8.8, 10.9, 12.9 என்று புள்ளி வைத்த இரண்டு எண். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த எஃகு அறுபடும் வலிமை, மெகாபாஸ்கல் கணக்கில். இரண்டாவது எண், அதில் எத்தனை பங்கு வரை போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்று சொல்கிறது. 8.8 என்றால் 800 வலிமை, அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 வரை தாங்கும். 10.9 என்றால் 1000, தாங்குவது 900. ஷாஃப்ட், கிரவுன், பிளைவீல் பக்கம் பெரும்பாலும் 10.9தான் வரும், சில இடங்களில் 8.8 அல்லது 12.9.

அங்குல மரை போல்ட்டில் எண் இருக்காது, கோடு இருக்கும். நடுவிலிருந்து விரியும் மூன்று கோடு என்றால் அமெரிக்கக் கணக்கில் கிரேடு 5, கிட்டத்தட்ட 8.8க்குச் சமம். ஆறு கோடு என்றால் கிரேடு 8, கிட்டத்தட்ட 10.9.

எண்ணோடு கம்பெனிக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிஎஸ், அன்பிரேக்கோ, எல்பிஎஸ் என்று ஏதாவது ஒன்று. தரவிதிப்படி கிரேடு போட்டால் தயாரித்தவர் குறியும் போட்டாக வேண்டும். வெறும் 10.9 மட்டும் போட்டு யார் செய்தது என்று சொல்லாத போல்ட்டை நான் ஷாஃப்டில் போட மாட்டேன். தலை மொட்டையாக இருந்தால் எம்.எஸ். என்றே வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் சரி.

என் வண்டியில் இருப்பது மில்லிமீட்டரா, நூல் கணக்கா?

வண்டியின் பூர்வீகத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். டாடா 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. அதனால் அந்த வம்சத்தில் மில்லிமீட்டர். சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் வந்து சேர்ந்ததும் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அந்தக் காலத்து லேலண்டில் அங்குல மரை. மஹிந்திரா ஜீப் அமெரிக்க வில்லிஸ் வழி, அதுவும் அங்குலம். இன்றைய வண்டிகள் எல்லாமே மில்லிமீட்டர்தான். ஆனாலும் அமெரிக்கப் பூர்வீகமுள்ள ஆக்சிலோ கியர் பாக்ஸோ வந்து உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் அங்குல மரை இருக்கலாம். பழைய வண்டியில் ஹவுசிங்கை மாற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம், ஒரே ஷாஃப்டின் முன்பக்கம் ஒரு மரை, பின்பக்கம் வேறு மரை.

பட்டறையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 3 நூல் போல்ட் 9.5 மில்லிமீட்டர், 4 நூல் 12.7, 5 நூல் 15.9. இதில் இரண்டு பொறி இருக்கிறது.

முதல் பொறி 5 நூல். எம்16 (16 மில்லிமீட்டர்) போல்ட்டும் 5 நூல் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். ஃபைன் (நெருக்கமான) மரையில் ஒன்றின் பிட்ச் 1.5, மற்றதின் பிட்ச் 1.41. நட் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகும். "துரு பிடித்திருக்கு, கொஞ்சம் பலமா போடு" என்று நீளப் பைப்பைச் செருகி இறுக்கினால் இரண்டு மரையும் காலி.

இரண்டாவது பொறி இன்னும் மோசம், ஏனென்றால் அது சுலபமாக ஏறும். எம்12 ஃபைன் பிட்ச் 1.25. 4 நூல் ஃபைன் பிட்ச் 1.27. எம்12 போல்ட்டை 4 நூல் நட்டில் விட்டால் கடகடவென்று போகும். தடிமன் 0.7 மில்லிமீட்டர் குறைவு என்பதால் மரை நுனியில் மட்டும்தான் பிடித்திருக்கும். முழு இறுக்கம் கொடுக்கும்போதோ, அதற்குப் பிறகு முதல் மேட்டிலோ உருவிக்கொண்டு வரும். ஸ்பேனரும் இங்கே காப்பாற்றாது. பழைய அளவு எம்12 தலைக்கும் 19 ஸ்பேனர், 4 நூல் தலைக்கும் 19 பிடிக்கும்.

வெர்னியரில் அளந்துவிடுங்கள். எம்12 மரையின் வெளிவிட்டம் 12க்குக் கொஞ்சம் கீழே, 11.8 போலக் காட்டும். 4 நூல் 12.6 பக்கம் காட்டும். குழப்பம் தீர்ந்தது.

பிட்ச் கேஜ் இல்லை. வேறு வழி?

ஸ்கேலை மரை மேல் வைத்து பத்து மரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 15 வந்தால் பிட்ச் 1.5. பதினேழரை வந்தால் 1.75. இன்னொரு வழி, பிட்ச் தெரிந்த போல்ட் ஒன்றைப் பக்கத்தில் படுக்கவைத்து இரண்டு மரையையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது. நடுவில் வெளிச்சம் தெரியாமல் கடைசி வரை உட்கார்ந்தால் ஒரே பிட்ச். போல்ட் கடையில் பழகிய கை உள்ளவர்கள் சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து இதைத்தான் செய்வார்கள், பேசிக்கொண்டே.

எம்12 கோர்ஸ் (இடைவெளி கூடிய மரை) 1.75, ஃபைன் 1.5 அல்லது 1.25. எம்14 கோர்ஸ் 2, ஃபைன் 1.5. எம்16ம் அப்படியே, 2, 1.5. எம்10 என்றால் 1.5, 1.25, 1 என்று மூன்றுமே புழக்கத்தில் உண்டு, அங்கே கவனம்.

நட்டை விரலால் மட்டும் சுற்றிப் பாருங்கள். சுத்தம் செய்த மரையில் கடைசி வரை விரலாலேயே போக வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது.

5 மில்லிமீட்டர் நீளம் கூடினால் குறைந்தால் என்ன?

நட் போடும் இடத்தில், இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிந்தால் சரி. கொஞ்சம் கூடுதல் நீளம் இருந்தாலும் சுற்றும்போது எதிலும் இடிக்காவிட்டால் பாதகமில்லை. ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

மூடிய ஓட்டையில் போகும் போல்ட் வேறு கதை. பிளைவீல், கிரவுன், கியர் பாக்ஸ் கவர் போன்ற இடங்களில் நீளம் கூடினால் நுனி அடியில் முட்டி நிற்கும். ஸ்பேனருக்கு நல்ல இறுக்கமாகத் தெரியும், தலைக்குக் கீழே அழுத்தமே இருக்காது. ஓட்டையில் ஆயில் தேங்கியிருந்தாலும் இதே வம்பு. ஆயில் அமுங்காது, வார்ப்பு வெடித்த சம்பவமும் உண்டு. ஏர் அடித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள். நீளம் குறைந்தால் மரை போதிய அளவு பிடிக்காது. எஃகில் போல்ட்டின் தடிமன் அளவு பிடித்தால் போதும், வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கு, அலுமினிய ஹவுசிங்கில் இரண்டு மடங்கு.

மரை இல்லாத தண்டையும் பாருங்கள். இரண்டு பிளேன்ஜ் சேரும் கோட்டில் தண்டு நிற்க வேண்டும். முழுக்க மரை வெட்டிய போல்ட்டைப் போட்டால், நகர்வு வரும் நாளில் வெட்டு விழுவது மரையின் பள்ளத்தில்.

எங்கே வாங்குவது?

முதலில் கம்பெனி டீலர், லேலண்டின் லேபார்ட்ஸ் அல்லது டாடா ஜெனுயின் பார்ட்ஸ் கவுன்டர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் பார்ட் நம்பர் எடுத்துத் தருவார்கள். 17 எழுத்தும் எண்ணும் முழுசாகக் கொடுங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் வருஷத்துக்கு வருஷம் மாறிய பிளேன்ஜில் எது உங்களுடையது என்று அவர்களுக்கும் தெரியாது. பிளைவீல், கிரவுன் போல்ட், பினியன் (கிரவுனைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரம்) நட் எல்லாம் இங்கேயே வாங்கிவிடுங்கள். தலை வடிவம், மேல்பூச்சு, ஏற்கெனவே தடவி வந்திருக்கும் லாக் பசை என்று வெளியில் கிடைக்காத சமாச்சாரம் அதில் இருக்கும்.

அடுத்தது போல்ட் மட்டுமே விற்கும் கடைகள். சென்னை என்றால் பாரிமுனை பக்கத்துத் தெருக்கள், ஆட்டோ சாமானுக்கு ஜி.பி. ரோடு. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் அதைவிடச் சுலபம், உள்ளூர்க் கடையிலேயே எந்த வண்டிக்கு எந்த ஷாஃப்ட் போல்ட் என்று மனப்பாடம். சாமானைக் கையில் கொண்டுபோங்கள், போனில் சொல்லாதீர்கள். உடைந்த போல்ட்டின் இரண்டு துண்டும், அதன் நட்டும், முடிந்தால் உடையாத போல்ட் ஒன்றும். "ஹைடென்சில் (வலிமை கூடிய எஃகு) கொடுங்க" என்று மட்டும் கேட்டால் 8.8 கையில் வரும். அதுவும் ஹைடென்சில்தான், பொய் இல்லை. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கும்போது அந்த பிளேன்ஜுக்கு உரியது முழு செட்டாக வாங்குங்கள். ஒன்று உடைந்தபோது பக்கத்தில் இருந்தவை அதன் பாரத்தையும் சுமந்திருக்கின்றன. டீசல் செலவோடு பார்த்தால் மூன்று போல்ட் காசு ஒரு காசே இல்லை.

புதுப்பேட்டையிலோ காயலான் கடையிலோ பழைய ஒரிஜினல் போல்ட் எடுக்கலாமா?

ஹவுசிங், பிளேன்ஜ், ஷாஃப்ட் பழசில் எடுங்கள், தப்பில்லை. போல்ட் மட்டும் வேண்டாம். ஒருமுறை எல்லைக்கு மேல் இழுபட்ட போல்ட் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாமா?

லேத்காரர் அளவு பிசகாமல் கடைந்து தருவார். கேள்வி அளவு இல்லை, எஃகு. கடையில் வரும் 10.9 போல்ட்டின் மரை உருட்டி அமுக்கி உண்டாக்கியது, போல்ட்டைச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதமும் ஏற்றியிருப்பார்கள். வெட்டிய மரையும் பதம் ஏற்றாத கம்பியும் அதற்கு ஈடாகாது. சென்டர் பேரிங் பிராக்கெட், ஷாஃப்ட் கார்டு மாதிரி இடத்துக்குக் கடைந்தது போதும். சுற்றுகிற பிளேன்ஜுக்கு வேண்டாம்.

10.9 இருந்த இடத்தில் 12.9 போட்டால் இன்னும் நல்லதுதானே? துரு பிடிக்காமல் ஸ்டெயின்லெஸ் போடலாமா?

கிரேடில் கீழே போகக் கூடாது என்பது சரி. அதற்காக மேலே போய்க்கொண்டே இருக்கத் தேவையில்லை. 12.9 மிகவும் கடினம், அதற்கு மின்முலாம் பூசினால் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, இறுக்கிவைத்த போல்ட் சில மணி நேரம் கழித்துத் தலை தெறித்துப்போகலாம். பளபளவென்று வெள்ளை முலாம் பூசிய 12.9 கிடைத்தால் விலகி நில்லுங்கள். கறுப்பாக வருவதுதான் அதற்கு வழக்கம்.

ஸ்டெயின்லெஸ் வேண்டவே வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் வலிமை 700, அதாவது 8.8ஐ விடக் குறைவு.

நட், வாஷர் பழசையே போடலாமா? ஸ்பிரிங் வாஷர் போதுமா?

10.9 போல்ட்டுக்கு 10 என்று குறி உள்ள நட். 8 நட் போட்டால் மரை உருவும். நைலாக் நட்டைக் கழற்றினால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் உள்ள நைலான் ஒருமுறைதான் ஒழுங்காகப் பிடிக்கும். சுமார் 120 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்துக்கும் அது ஆகாது.

ஸ்பிரிங் வாஷர் மேல் நம் ஊரில் இருக்கும் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். 10.9 போல்ட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோனால் அந்த வாஷர் தட்டையாகிவிடும், பிறகு அதில் ஸ்பிரிங்கே இல்லை. பக்கவாட்டில் ஆடும் இணைப்பில்தான் போல்ட் தானாகக் கழல்கிறது என்பதை ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இயந்திரம் வைத்தே காட்டினார். ஆட்டம் வராமல் தடுப்பது இறுக்கம். அதற்குத் துணையாக லாக் பசை, ஆப்பு வடிவ இரட்டை வாஷர், மரை நசுக்கிய முழு உலோக லாக் நட் இவற்றில் கம்பெனி சொன்னதைப் போடுங்கள்.

உடைந்த போல்ட்டைப் பார்த்து காரணம் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும், அதனால்தான் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள் என்பது. முறிந்த முகத்தைத் துடைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒரு ஓரத்திலிருந்து வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்ட கோடு போல வளைவு வளைவாகத் தெரிந்து, மறுபக்கம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால் அது பலநாள் விரிசல். இறுக்கம் குறைந்து ஆடி ஆடி அறுந்திருக்கிறது. வழவழப்பான பகுதி பெரிதாகவும் சொரசொரப்பு சின்னதாகவும் இருந்தால், கடைசியில் மிச்சமிருந்த கொஞ்சம் எஃகில்தான் வண்டி ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

முறிந்த இடம் இடுப்பு சிறுத்து, திருகினாற்போல இருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியது. முகம் முழுவதும் ஒரே மாதிரி சொரசொரப்பு என்றால் ஒரே அடியில் போனது. ஜாயின்ட் கிராஸ் (ஷாஃப்ட் மூட்டில் உள்ள சிலுவை வடிவச் சாமான்) இறுகியதா, கிளட்சை சடாரென்று விட்டார்களா என்று விசாரியுங்கள். பலநாள் விரிசல் என்றால் பிளேன்ஜ் ஓட்டையை வெர்னியரால் நெடுக்கும் குறுக்கும் அளங்கள். முட்டை வடிவம் ஆகியிருந்தால் பிளேன்ஜையே மாற்ற வேண்டும், எத்தனை நல்ல போல்ட் போட்டாலும் திரும்ப வந்து நிற்கும்.

போல்ட் உள்ளேயே உடைந்து நிற்கிறது. எப்படி எடுப்பது?

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் பிடித்து, சூடு ஆறும்போது திருப்புவதுதான் பட்டறையில் பெரும்பாலும் பலிக்கும். உள்ளே புதைந்திருந்தால் சரியாக நடு மையத்தில் துளை போட்டு ஈஸி அவுட் (துளைக்குள் கடித்துப் பிடித்துத் துண்டைத் திருப்பி எடுக்கும் கருவி). ஈஸி அவுட் உள்ளே உடைந்தால் பெரிய தொல்லை, அதனால் வலுக்கட்டாயம் வேண்டாம். மரை கெட்டுப்போனால் ஹெலிகாயில் (ஓட்டைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடலாம். ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போடுவது பிளைவீலிலும் பிளேன்ஜிலும் பேலன்ஸைக் கெடுக்கும். போல்ட்டை பிளேன்ஜோடு சேர்த்து வெல்டிங் வைப்பது ஒரு வழியே இல்லை.

கிரவுன் போல்ட்டுக்கு தனியாக ஏதும் கவனம்?

உண்டு. அது கழன்றால் ஹவுசிங்குக்குள்ளேயே விழும், பல் நொறுங்கும். போல்ட் புதுசு, மரையிலும் ஓட்டையிலும் கியர் ஆயில் துளியும் இல்லாமல் கழுவிக் காயவைப்பது, கம்பெனி சொன்ன லாக் பசை. சிவப்பு நிற பலமான வகைதான் வழக்கம். காற்றில்லாத இடத்தில் உலோகத்தோடு சேர்ந்துதான் அந்தப் பசை இறுகும், ஆயில் இருந்தால் பிடிக்காது. பின்னால் கழற்ற வேண்டி வந்தால் சுமார் 250 டிகிரி சூடு காட்ட வேண்டியிருக்கும்.

டார்க் ரெஞ்ச் அவசியமா? கை அனுபவம் போதாதா?

இந்த இடங்களுக்கு அவசியம். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் அழுத்தமாக மாறுகிறது, மீதி தலைக்குக் கீழும் மரையிலும் உராய்வில் போய்விடும். அதனால் மரையில் ஆயில் தடவியிருக்கிறதா இல்லையா என்பதே இறுக்கத்தைப் பெரிதாக மாற்றிவிடும். கை இதைக் கண்டுபிடிக்காது.

அளவு மேனுவலில் உள்ளதுதான். ஒரு யோசனைக்குச் சொன்னால், எம்12 கோர்ஸ் மரைக்குப் பொது அட்டவணையில் 8.8க்கு சுமார் 85, 10.9க்கு சுமார் 120 நியூட்டன் மீட்டர். பழைய மேனுவலில் கிலோகிராம் மீட்டர் இருந்தால் 9.81ஆல் பெருக்குங்கள், அடி-பவுண்டு இருந்தால் 1.36ஆல். எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். பிளேன்ஜ் முகத்தில் பெயின்ட், துரு, கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது. முடித்ததும் நட்டிலிருந்து பிளேன்ஜ் வரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டால், நகர்ந்திருக்கிறதா என்று டிரைவர் டீ குடிக்க நிற்கும் இடத்திலேயே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

நடுரோட்டில் ஒன்று போய்விட்டது. மூன்றோடு மெதுவாக ஓட்டி ஊர் சேரலாமா?

ஓட்டாதீர்கள். ஷாஃப்டின் முன்முனை கழன்று கீழே விழுந்தால் ரோட்டில் குத்தி வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும், பிரேக் பைப்பையும் அடித்துப் போகும்.

கட்டி இழுத்துப் போவதானால் ஷாஃப்டை முழுசாகக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடாமல் பின்சக்கரம் மட்டும் சுற்றினால், பல கியர் பாக்ஸில் உள்ளே ஆயில் மேலே ஏறாது, பேரிங் எரிந்துவிடும். கழற்றுமுன் இரண்டு பிளேன்ஜிலும், நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்பிளைன் இருபக்கமும், பெயின்ட்டில் அடையாளம் வையுங்கள். திரும்பப் போடும்போது ஒரு பல் மாறினாலும் வண்டி உதறும். ஷாஃப்டைக் கழற்ற முடியாத இடமாக இருந்தால் இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் உருவலாம். சில வண்டிகளில் அந்த ஸ்டட்டுகளில் பிளந்த கூம்பு வாஷர் இறுகியிருக்கும். நட்டைக் கழற்றிவிட்டு ஆக்சில் பிளேன்ஜின் நடுவில் பித்தளைக் கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் அது தெறித்து வெளியே வரும். உருவியதும் ஹப் வாயைத் தகடோ ரப்பரோ வைத்து மூடிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் வழிந்து தூசி உள்ளே போய் ஹப் பேரிங் அடுத்த செலவாக வந்து நிற்கும்.